குடையில்லாமல் ஒரு படம்

ரயில் கதவு திறந்ததும் குனியோ உடனே இறங்கிவிடவில்லை. முதலில் வலது கையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தார். உள்ளங்கையில் எதுவும் விழவில்லை. பிறகு தலையை நீட்டினார். வழுக்கையில் இளம் வெயில் பட்டது.

"யசுயோ, வெயில் அடிக்குது!"

"சரி, இறங்குங்க. பின்னாடி ஜனங்க நிக்கிறாங்க."

இறங்கினார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி யசுயோ இறங்கினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தின் நடுவுக்கு வருவதற்குள் வெயில் போய்விட்டது. ஸ்டேஷன் வாசலுக்கு வருவதற்குள் தூறல். விடுதியின் வேன் வந்து நிற்பதற்குள் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

யசுயோ மாஸ்க்குக்கு மேலே தெரிந்த இரண்டு கண்களால் அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"நான் என்ன பண்ணினேன்?"

"நான் ஏதாவது சொன்னேனா?" என்றாள் யசுயோ.

ஜப்பானில் எந்த ஆபீஸை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு மழைக்காரர் இருப்பார். சுற்றுலா என்று பேச்செடுத்தால், அவர் வருகிறாரா என்று விசாரித்துவிட்டுத்தான் மற்றவர்கள் பெயர் கொடுப்பார்கள். அவர் வந்தால் மழை வரும். விளையாட்டுப் பேச்சுத்தான். ஆனால் விளையாட்டாகவே பேசிப் பேசி ஒரு மனுஷனை ஓரங்கட்டிவிடக் கூடிய பேச்சு அது. தகாமிசாவா குடும்பத்தில் அந்தப் பதவி குனியோவுக்கு.

தேன்நிலவுக்குப் போன இடத்தில் புயல் வந்தது. அன்றைக்கே யசுயோ அவருக்குப் பட்டம் கட்டிவிட்டாள். அதற்கப்புறம் செர்ரிப்பூ பார்க்கப் போனால் மழை. மகள் பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குப் போனால் மழை. "இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டதிலேருந்து என் துணி ஒழுங்கா காஞ்சதில்ல" என்று யசுயோ சொல்லாத சொந்தக்காரர் இல்லை. ஒரே ஒரு தடவை மெத்தை வியாபாரிகள் சங்கத்தோடு குனியோ தனியாக வெளியூர் போனபோது மண்டையைப் பிளக்கும் வெயில் அடித்தது. "உங்க கூட்டத்துல யாரோ பலமான வெயில்காரர் வந்திருக்காரு" என்று யசுயோ விளக்கம் சொல்லிவிட்டாள்.

ஓசாகாவில் மெத்தைக் கடை வைத்திருக்கும் குனியோ இதையெல்லாம் பொருட்படுத்தாத மனுஷர்தான். மகள் சிஹாருவின் கல்யாணம் வந்தபோதுதான் மாட்டிக்கொண்டார்.

கல்யாணம் மே மாதம், கோபேயில் குன்றின் மேல் ஒரு தோட்டத்தில். பச்சைப் புல்தரை, கீழே கடல். அப்பா மகளின் கையைப் பிடித்துப் புல்தரையில் நடந்துபோய் மாப்பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டும். சிஹாரு பிறந்த நாளிலிருந்தே குனியோ மனசுக்குள் நடந்து பழகிக்கொண்டிருந்த நடை அது. குடும்பத்தார் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். அப்பா லாபியில் உட்கார்ந்திருப்பார். மகளை யசுயோவின் தம்பி நொபோரு கூட்டிக்கொண்டு போவார்.

"கண்ணாடி ரொம்பப் பெரிசுதான்பா. உள்ளே இருந்தே எல்லாம் தெரியும்," என்றாள் சிஹாரு, அழுகிற குரலில்.

குனியோ வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்றார். நொபோரு சிரித்தார்.

"அத்தான், மே மாசம் வெயில் அடிச்சா யாரு நம்புவா? குளிர்காலத்துல மழையும் பனியுமாக் கிடக்கிற ஜப்பான் கடல் பக்கமாப் போய் வெயில்ல நில்லுங்க. அப்ப நான் விலகிக்கிறேன்."

நிபந்தனையைச் சிஹாரு வகுத்தாள். அம்மாவும் அப்பாவும் ஒன்றாக நின்று, பின்னால் கடல் தெரிய, குடையில்லாமல், வெயிலில் ஒரு படம். அம்மா கட்டாயம் கூட நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பா பழைய படம் எதையாவது அனுப்பிவிடுவார்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது குனியோதான். யசுயோ வருஷா வருஷம் பாட்டு வகுப்புத் தோழிகளோடு நண்டு சாப்பிடப் போகும் அதே விடுதி. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து, "நாங்க போனா வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கும். கொண்டு போன குடையை விரிக்கவே இல்லை" என்பாள். ராசியான இடம்.

"அங்கயா?" என்றாள் யசுயோ, அவர் அறை பதிவு செய்ததைச் சொன்னபோது. "வேற நல்ல இடமாப் பாக்கலாமே."

"உனக்குப் பிடிச்ச இடமாச்சே!"

அடுத்த நாளே அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பெரிய மாஸ்க் ஒன்று போட்டுக்கொண்டாள். கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வேன் விடுதி வாசலில் நின்றது. விடுதிக்கார அம்மாள் இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். காலணிகளை வாங்கி வைக்கும் கென்ஸோ கிழவர் யசுயோவையே உற்றுப் பார்த்தார்.

"அம்மாவை எங்கேயோ பார்த்த மாதிரி…"

"என் சம்சாரம் வருஷா வருஷம்…" என்று குனியோ ஆரம்பித்தார்.

யசுயோவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சாதாரண இருமல் இல்லை. தண்ணீர் எடுக்க ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

அறைக்குப் போனதும் யசுயோ அவரைக் கடிந்துகொண்டாள். "நான் இங்க வழக்கமா வர்ற ஆளுன்னு யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. தெரிஞ்சா, பாவம், கூடுதலா ஒரு தட்டு வைக்கணுமேன்னு சங்கடப்படுவாங்க."

என்ன ஒரு நாகரிகம் என்று குனியோவுக்குப் பெருமையாக இருந்தது.

அவள் குளிக்கப் போன நேரத்தில் ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்தது. குனியோ எட்டிப் பார்த்தார். கடலுக்கு மேலே வானம் நீலமாக விரிந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு மணலுக்கு ஓடினார். சுகமான வெயில். போனை எடுத்தார்.

"சீக்கிரம் வா! தலை துவட்டாட்டியும் பரவாயில்லை!"

யசுயோ வந்தாள். மாஸ்க், தொப்பி, கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டுதான் வந்தாள். அவள் கால் மணலில் பட்டதும் மலைப்பக்கமிருந்து ஒரு மேகம், யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராக அவர்கள் தலைக்கு மேலே வந்து நின்றது.

"பாத்தீங்களா?" என்றாள் யசுயோ, நனைந்துகொண்டே.

"இப்பத்தான்டி வெயில் அடிச்சது. சத்தியமா!"

"உங்களுக்கு மட்டும் அடிக்குமா?"



குனியோ வெறும் கையோடு வந்தவர் அல்ல. பெட்டியில் ஒரு மூட்டை பஞ்சு கொண்டுவந்திருந்தார். வெயில் வேண்டுமென்றால் குழந்தைகள் காகிதத்தைச் சுருட்டி வெள்ளைத் துணிக்குள் வைத்துத் தலை மாதிரி கட்டி, தாழ்வாரத்தில் வெயில் பொம்மையாகத் தொங்கவிடும். மெத்தைக்காரர் வீட்டுப் பொம்மைக்குக் காகிதமா? கடையிலேயே உயர்ந்த பஞ்சை அடித்து இறுக்கி, ஒவ்வொரு தலையையும் முலாம்பழம் அளவுக்குச் செய்தார். விடுதித் துண்டுகளில் கட்டி, ஜன்னலுக்கு வெளியே வரிசையாகத் தொங்கவிட்டார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். தொழில் சுத்தம்.

மறுநாள் காலையில் விடுதிக்கார அம்மாள் கதவைத் தட்டினாள். யசுயோ ஓடிப்போய் மாஸ்க்கை மாட்டிக்கொண்டாள்.

"மன்னிக்கணும் ஐயா. பக்கத்து அறைக்காரங்க கேக்கச் சொன்னாங்க. நீங்க எதுக்காக மழை வேணும்னு வேண்டிக்கிறீங்க?"

"மழையா? வெயிலுக்குத்தானே கட்டியிருக்கேன்!"

விடுதிக்கார அம்மாள் மரியாதையாக ஜன்னல் பக்கம் பார்த்தாள். குனியோவும் பார்த்தார். கனம் தாங்காமல் எல்லாப் பொம்மையும் கவிழ்ந்து, தலை கீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தலைகீழாகத் தொங்கினால் மழையைக் கூப்பிடுகிறது என்று பால்வாடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். வெளியே மழை பிய்த்துக்கொண்டு பெய்தது.

"பஞ்சு கொஞ்சம் ஒசத்திப் பஞ்சு," என்றார் குனியோ.

"அப்படியா," என்றாள் விடுதிக்கார அம்மாள்.

இதைச் சரி செய்வது பெரிய வித்தை இல்லை. கீழ்ப்பக்கம் கனம் வைத்தால் தலை நிமிர்ந்துவிடும். பொம்மைகளின் பாவாடை ஓரத்தில் கூழாங்கற்களைக் கட்டினார். தலை நிமிர்ந்தது. மழையும் விட்டது. குனியோ கையைத் தட்டிக்கொண்டார். அப்போது கடலிலிருந்து ஒரு காற்று கிளம்பியது. கூழாங்கல் கட்டிய பொம்மை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு, மூங்கில் தடுப்பைத் தாண்டிப் போய் விழுந்தது.

மூங்கில் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் குளிக்கும் திறந்தவெளி வெந்நீர்க் குளம். உள்ளே இருந்து வந்த அலறல் கடற்கரை வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அடிபடவில்லை. ஆனால் ஆவி பறக்கும் தண்ணீரில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் போது, பக்கத்தில் வழவழவென்று ஒரு வெள்ளைத் தலை மிதந்து வந்தால் யாருக்குத்தான் பகீரென்று இருக்காது? ஒகினோ அம்மாளுக்கு அப்படித்தான் இருந்தது. ஹிமேஜியில் அழகு நிலையம் நடத்துகிறவள், தாட்டியான உருவம். ஒரு பெரிய பெண்கள் கூட்டத்தோடு வந்திருந்தாள்.

குனியோ இனிப்புப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, லாபியில் அவள் முன்னால் போய்த் தலை தரையில் படக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். முழுக் கதையையும் சொன்னார். மகள், புல்தரை, லாபி, கண்ணாடி எல்லாம். ஒகினோ அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அட, வெயிலுக்கா இவ்வளவு பாடு? என்கிட்ட கேட்டா குடுத்திருப்பேனே!"

"உங்ககிட்டயா?"

"நான் வெயில்காரிங்க! பொறந்ததிலேருந்து குடையே வாங்கினதில்ல. இன்னிக்கு எங்க கூட்டம் படகுல ஊர் சுத்தப் போறதே என்னை நம்பித்தான். இப்ப விட்டிருக்கிற மழை யாருக்காக விட்டிருக்குன்னு நினைச்சீங்க?" கழுத்திலிருந்த மஞ்சள் பட்டுத் துணியைக் கழற்றினாள். "இதைப் போட்டுக்குங்க. இது இருக்கிற இடத்துல ஒரு சொட்டு விழாது."

குனியோ அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தனியாக மணலுக்குப் போய்ப் பார்த்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். அசையவில்லை வெயில். உட்கார்ந்தார், எழுந்தார். அப்போதும் வெயில்தான். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அறைக்கு ஓடினார்.

"யசுயோ! கிளம்பு! கிடைச்சாச்சு!"

யசுயோ அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தாள். மாஸ்க்கைக் கொஞ்சம் கீழே இழுத்து மோந்து பார்த்தாள்.

"யாரு அவ?"

"வெயில்காரி."

"என்னது?"

"குளியலறையில சந்திச்சது. அதாவது, நான் சந்திக்கல. என் பொம்மை சந்திச்சது."

"உங்க பொம்மை."

"ஆமா. அப்புறம் நான் மன்னிப்புக் கேக்கப் போனேன். அவங்க அழுதுட்டாங்க. அப்புறம் இதைக் கழட்டிக் குடுத்தாங்க."

"எதை எதைக் கழட்டிக் குடுத்தாங்க?"

விளக்கம் சொல்லச் சொல்லக் குனியோவுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில், நேரிலேயே பார்த்துக்கொள் என்று யசுயோவை லாபிக்கு அழைத்துப் போனார். ஒகினோ அம்மாள் அவளைக் கண்டதும் எழுந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "கவலைப்படாதீங்க. உங்க வீட்டுக்காரர் ராசியை நான் பாத்துக்கிறேன். மூணு பேருமா போலாம், வாங்க. படத்தை நானே எடுத்துத் தர்றேன்."

யசுயோவால் மறுக்க முடியவில்லை. மூவரும் மணலில் போய் நின்றார்கள். வெயில் இருந்தது. ஒகினோ அம்மாள் போனை நீட்டிப் பிடித்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. சண்டை போட்டவங்க மாதிரி நிக்காதீங்க" என்றாள்.

நெருங்கி நின்றார்கள். வானம் இருண்டது. குளிர்கால இடி ஒன்று பக்கத்திலேயே விழுந்தது. மழை வரவில்லை. ஆலங்கட்டி வந்தது. மொச்சைக்கொட்டை அளவில், சடசடவென்று, குனியோவின் வழுக்கையைக் குறி வைத்த மாதிரி அடித்தது. ஓடி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது ஒகினோ அம்மாளின் தலை அலங்காரம் இடிந்து காதோரம் வழிந்துகொண்டிருந்தது.

அவள் அபூர்வமான வியாதியைப் பார்க்கும் டாக்டர் மாதிரி குனியோவைப் பார்த்தாள்.

"என் வாழ்க்கையில இதுதான் முதல் தடவை. நீங்க லேசுப்பட்ட ஆள் இல்லீங்க."

மஞ்சள் துணியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மறுத்துவிட்டாள். அதைத் தொடவே பயந்தாள்.

செய்தி விடுதி முழுக்கப் பரவியது. பெண்கள் கூட்டத்தின் படகுப் பயணம் ரத்து. மீன்பிடிப் படகுகளும் கடலுக்குப் போகவில்லை. எல்லாரும் நண்டுக்காகவே வந்திருந்த விடுதியில் அன்று சாயங்காலம் நண்டு இல்லை. விடுதிக்கார அம்மாள் பன்றிக்கறி வேகும் சட்டியோடு அறைக்கு வந்தாள். யசுயோ மாஸ்க்கோடு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கடலை ரசித்தாள். கடல் தெரியவில்லை, ஆலங்கட்டிதான் தெரிந்தது.

"மத்தவங்கல்லாம் என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் குனியோ.

"ஒண்ணும் சொல்லலீங்க ஐயா," என்றாள் விடுதிக்கார அம்மாள். "ஐயா நாளைக்கு முதல் வேன்லயே கிளம்பறாங்களான்னு மட்டும் கேட்டாங்க. எல்லாரும் கேட்டாங்க."

அவள் போன பிறகு குனியோ கொஞ்சம் கறி எடுத்துத் தின்றார். வைத்துவிட்டார்.

"யசுயோ, போதும். நொபோருவே கூட்டிட்டுப் போகட்டும்."

"என்னங்க இப்படிச் சொல்றீங்க?"

"பாத்துட்டேனே. ஒரு வெயில்காரியையே நாசம் பண்ணிட்டேன். நம்ம குழந்தை வெள்ளை உடுப்புல நனையணுமா? நான் லாபியில உட்கார்ந்து டீ குடிக்கிறேன். கண்ணாடி பெரிசுன்னு சொன்னாளே. அன்னிக்கு அவளுக்கு நல்லா வெயில் அடிக்கணும், அதுதான் வேணும் எனக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரே ஒரு வருத்தம். கடையில ஆளில்லாத நேரமெல்லாம் தலையணையைக் கையில புடிச்சுக்கிட்டு நடந்து பாத்துட்டிருந்தேன். அவசரப்படாம நடக்கணுமாமே. நல்லா வந்துடுச்சு."

யசுயோவின் கண் கலங்கிவிட்டது. மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அதை மடித்தாள், பிரித்தாள்.

"ஏங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு."

கதவு தட்டப்பட்டது. படுக்கை போட ஆள் வந்திருந்தது. யசுயோ மாஸ்க்கைப் போட்டுக்கொண்டாள்.

"அப்புறம் சொல்றேன்," என்றாள். சொல்லவில்லை.

காலையில் குனியோ பெட்டியோடு முதலில் வாசலுக்கு வந்துவிட்டார். விடுதி ஆட்கள் எல்லாரும் வழியனுப்பக் கையில் சின்னக் கொடிகளோடு வரிசையாக நின்றார்கள். அவரை வழியனுப்பத்தான் எத்தனை சந்தோஷம்! ஒகினோ அம்மாளின் கூட்டம்கூட மாடி ஜன்னலில் நின்று கையாட்டியது. கென்ஸோ கிழவர் அவருடைய காலணியைத் துடைத்து எடுத்துவந்து வைத்தார். குனியோ காலை நுழைத்துக்கொண்டு வெளியே வந்து நிமிர்ந்தார்.

வெயில். வாசலுக்குக் கீழே கடல் முழுக்க வெயில்.

இனிமேல் ஆசைப்படக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனை எடுத்துச் சிஹாருவைக் கூப்பிட்டார். மகளின் முகம் திரையில் வந்தது.

"அப்பா! அங்க வெயிலா அடிக்குது?"

"அடிக்குதும்மா. சும்மா காட்டலாம்னு கூப்பிட்டேன்."

"பின்னாடி கடல் தெரியுதே! அது போதும்பா! அம்மா எங்க? அம்மாவைக் கூப்பிடுங்க, சீக்கிரம்!"

யசுயோ காலணியை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி வந்தாள். குனியோ வானத்தைப் பார்த்தார். வெயில் போகவில்லை. யசுயோவும் பார்த்தாள். அவளுக்கும் நம்பிக்கை இல்லை. ஒரு அடி எடுத்து வைத்தாள். இன்னொரு அடி. புருஷன் பக்கத்தில் வந்து நின்றாள். வெயில் இன்னும் இருந்தது. விடுதிக்கார அம்மாள் போனை வாங்கி அவர்கள் பக்கம் பிடித்தாள்.

"அம்மா, அந்த மாஸ்க்கையும் தொப்பியையும் எடுங்க!" என்று சிஹாரு கத்தினாள். "யாருன்னே தெரியல. அப்பா வேற யாரையோ புடிச்சு நிக்க வச்சிட்டாருன்னு நொபோரு மாமா சொல்லுவாரு."

யசுயோ அசையவில்லை. இரண்டு பக்கமும் வரிசையாக நின்ற ஆட்களைப் பார்த்தாள். கென்ஸோ கிழவரைப் பார்த்தாள். பிறகு குனியோவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, மேகத்துக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று பயந்த மாதிரி நின்றார். வலது முழங்கை மட்டும் மகள் பிடித்துக்கொள்வதற்கு வாகாகக் கொஞ்சம் மடங்கியிருந்தது.

யசுயோ தொப்பியைக் கழற்றினாள். மாஸ்க்கையும் கழற்றினாள்.

"எடுத்துக்குங்க," என்றாள்.

விடுதிக்கார அம்மாள் படமெடுக்கவில்லை. வாய் திறந்தபடி யசுயோவையே பார்த்தாள். ஆட்கள் கையிலிருந்த கொடிகள் ஆடாமல் நின்றன. கென்ஸோ கிழவர் மட்டும், "அட!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்.

குனியோவின் வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது.

"பரவாயில்லம்மா," என்றார் அவர் போனைப் பார்த்து. "நான் லாபியிலேயே…"

கிழவர் ஒரு கை நிறையக் குடைகளை அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். மேலே இருந்தது ஊதா நிறத்தில் பூப்போட்டது. யசுயோவின் போன பிறந்தநாளுக்குக் குனியோ கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்த குடை. எங்கே என்று கேட்டபோதெல்லாம், பத்திரமாகச் சுருட்டி வைத்திருக்கிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த குடை.

"நல்லவேளை முகத்தைக் காட்டினீங்க, இல்லேன்னா மறுபடி விட்டுப்போயிருக்கும்! வருஷா வருஷம் அம்மா வந்து இறங்கினதும் கொட்ட ஆரம்பிக்குது, அம்மா வேன்ல ஏறினதும் வெயில் அடிச்சிடுது, குடையை இங்கேயே மறந்துட்டுப் போயிடறீங்க. இந்தத் தடவையாவது எல்லாத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்கம்மா!"